சங்கிலி, உறுமல், கடி

"சும்மா படுத்துக் கெடந்த நாய், திடீர்னு கடிச்சிருச்சு." மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் எங்கள் பாடாங் செராயில் நாய்க்கடி பற்றி யாரைக் கேட்டாலும் கதை இப்படித்தான் தொடங்கும். போன தீபாவளியன்று எங்கள் வீட்டிலும் இப்படித்தான் தொடங்கியது. எங்கள் நாய் கருப்பனுக்கு ஒன்பது வயது, என் அக்காவின் பேரனுக்கு ஆறு. போர்ச்சில் மேசைக்கு அடியில் கட்டிக் கிடந்த கருப்பனைக் கட்டிப்பிடிக்கக் குனிந்தான் பையன். நிமிர்ந்தபோது கன்னத்தில் இரண்டு பல் பதிந்து ரத்தம் வழிந்தது. "இத்தனை வருசத்துல ஒருத்தரையும் கடிச்சதில்லையே" என்று முதலில் சொன்னவன் நான்தான்.

இரண்டு நாள் கழித்து, மருமகள் கைப்பேசியில் எடுத்திருந்த வீடியோவைப் பார்த்தேன். பையன் புதுச்சட்டையோடு ஆடுவதைத்தான் எடுத்திருக்கிறாள். ஓரத்தில் கருப்பனும் விழுந்திருந்தது. நாயை மட்டும் கவனித்தேன். பையன் பக்கத்தில் வந்து உட்காருகிறான், கருப்பன் மூக்கை நக்குகிறது. முகத்தை வேறு பக்கம் திருப்புகிறது. கொட்டாவி விடுகிறது. காது பின்னால் ஒட்டிக்கொள்கிறது. கண்ணோரத்தில் வெள்ளை, பிறை மாதிரி தெரிகிறது. எழுந்து நகரப் பார்க்கிறது, சங்கிலி இழுக்க மறுபடி படுக்கிறது. பையன் குனிகிறான். நாயின் உடம்பு அப்படியே கல்லாகிவிடுகிறது, திறந்திருந்த வாய் மூடிக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் கடி.

ஒரு நிமிடத்துக்குள் ஏழு முறை 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறது. ஏழில் ஒன்றுகூட உறுமல் இல்லை. அது எங்கே போனது என்று யோசிக்கப் போய்த்தான் இவ்வளவும் எழுத வேண்டியதாயிற்று.

அதற்கு முன், கடித்தவுடன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் பாதி பேருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அக்கா கோப்பித்தூளை எடுக்க ஓடினார், இன்னொருவர் மஞ்சள் என்றார். இரண்டும் கூடாது. நாய்க்கடிக்கு முதல் மருந்து குழாய்த்தண்ணீரும் சோப்பும். 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவ வேண்டும். பிறகு கிளினிக் அல்லது மருத்துவமனை. வெறிநாய்க்கடி கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. நோய் வெளியே தெரிந்த பிறகு பிழைத்தவர்கள் அநேகமாக இல்லை. தெரிவதற்கு முன் தடுப்பூசி போட்டால் பிழைப்பது உறுதி என்றே சொல்லலாம். 1885இல் பாரிசில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக அந்த ஊசியைப் போட வைத்ததிலிருந்து இந்தக் கணக்கு மாறவில்லை. உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இந்த நோயால் சாகிறார்கள் என்பது மதிப்பீடு. மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு நாய் வழியாக வருகிறது.

"அதெல்லாம் இந்தியாவுல" என்று சொல்கிறவர்கள் இங்கே உண்டு. மலேசியா வெறிநோய் இல்லாத நாடு என்று 2012இல் அறிவிக்கப்பட்டது உண்மைதான். மூன்றே ஆண்டில், 2015இல், பெர்லிசிலும் பினாங்கிலும் நம் கெடாவிலும் அது திரும்ப வந்தது. 2017 முதல் சரவாக்கில் உயிர்களையும் எடுத்தது. தாய்லாந்து எல்லை நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. கடித்த நாய் வளர்ப்பு நாயாக இருந்தால் அதை அடித்துக் கொன்றுவிடாமல் பத்து நாள் கட்டுக்காவலில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இருந்திருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் நாயிடமே நோய் வெளிப்பட்டுவிடும். கருப்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பையனுக்கு மூன்று தையல்.

இனி உறுமலுக்கு வருகிறேன்.

நான் பிறந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில். பாடாங் செராயிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம் உள்ளே. வரிசைக்குப் பத்து நாய் இருந்தாலும் எந்த நாய் யாருடையது என்பதே தெளிவாக இருக்காது. பாம்பு வந்தால் குரைக்கும், பன்றி வந்தால் துரத்தும், பால்மரம் வெட்டப் போகிறவர்களோடு விடியற்காலையில் கூடவே போய்விட்டு, வெயில் ஏறியதும் ஆயாக்கொட்டகைப் பக்கம் நிழலில் வந்து விழும். முனியாண்டி கோயில் திடலில் கிடக்கும் நாயை யாரும் கல்லால் அடிக்க மாட்டார்கள், சாமியின் காவல் என்று. அந்த நாய்கள் கடிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். சைக்கிளில் போன தோட்டத்துக் கிராணியின் (எழுத்தரின்) காலைப் பிடித்த கதை எங்கள் வரிசையிலேயே உண்டு. குட்டி போட்ட நாயிடம் யாரும் போக மாட்டோம். ஆனாலும் ஒரு குழந்தை தொந்தரவு செய்தால் அந்த நாய் எழுந்து போய்விடும். அடுத்த வீட்டு வாசலுக்கு, மரத்தடிக்கு, எங்கேயாவது. அதற்குப் போக இடம் இருந்தது.

தோட்டம் துண்டாடப்பட்டு, தாமானுக்கு, அதாவது வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்புக்கு, வந்தோம். இருபதடி அகல வீடு, முன்னால் போர்ச், கேட், இரண்டு பக்கமும் அண்டை வீட்டார். நாயும் கூடவே வந்தது. நாயை அவிழ்த்துவிட முடியாது, விடவும் கூடாது. ஆகவே கேட்டுக்குப் பக்கத்தில் ஒன்றரை மீட்டர் சங்கிலி. ஊர் முழுக்க இதுதான் வழக்கமாகிவிட்டது.

பயந்த விலங்குக்கு முன்னால் பொதுவாக மூன்று வழி இருக்கும். விலகிப் போவது, மிரட்டி எதிராளியை விலக வைப்பது, மோதுவது. பெரும்பாலான நாய்கள் முதல் வழியைத்தான் தேர்ந்தெடுக்கும், அதுதான் செலவு குறைந்தது. சங்கிலி அதைப் பிடுங்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் டென்வர் நகரில் வீட்டாரல்லாத ஒருவரைக் கடித்த நாய்களையும், அதே பகுதியில் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முற்றத்தில் கட்டிப்போடப்பட்ட நாய் கடிக்கும் பக்கத்தில் இருப்பதற்கான வாய்ப்பு 2.8 மடங்கு. காயடிக்காத நாய்க்கு 2.6 மடங்கு. கடிக்கிற நாயைத்தானே கட்டிப்போடுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சங்கிலியைக் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் எங்கள் தெருவில் ரொட்டிக்காரர் வரும் நேரத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள்.

காலை ஒன்பதரைக்கு அவர் மோட்டாரில் 'பாம் பாம்' என்று ஹாரன் அடித்துக்கொண்டு வருவார். கட்டிக் கிடக்கும் ஒவ்வொரு நாயும் சங்கிலி அறுந்துவிடும் போலக் குரைக்கும். இரண்டு நிமிடத்தில் ரொட்டி விற்று அவர் போய்விடுவார். நம் கணக்கில் அவர் வியாபாரம் முடிந்து போனார். நாயின் கணக்கில் அதன் குரைப்புக்குப் பயந்து ஓடினார். நாளைக்கும் வருகிறார், நாளைக்கும் ஓடுகிறார். வருடத்துக்கு முந்நூறு முறை நாய்க்கு வெற்றி. தபால்காரர், கேஸ் தோங் (சிலிண்டர்) கொண்டு வருகிறவர், மீட்டர் பார்க்கிறவர் எல்லாருமே அந்த நாயிடம் தோற்றவர்கள்தான். ஒரு நாள் கேட் திறந்து கிடந்தாலோ, கொக்கி கழன்றாலோ, அது பல வருடம் பழகிய பழக்கத்தை ஓர் அடி முன்னே கொண்டுபோகிறது. கேட்டுக்குப் பின்னால் நின்று இப்படிக் குரைக்கும் நாயை 'நல்ல காவல்' என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். கோபம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி பயம், வாய் வழியாக வெளியே வருகிறது.

கருப்பன் குட்டியாக இருந்தபோது ஒரு நாள் ஆட்டெலும்பு தின்றுகொண்டிருந்தது. நான் எலும்பைத் தொட்டேன், உறுமியது. சோறு போடும் கையையே உறுமுகிறதா என்று சுருட்டிய நாளிதழால் மூக்கில் ஒன்று வைத்தேன். மறுபடி எலும்பைத் தொட்டேன், மறுபடி உறுமியது, மறுபடி அடி. நான்கைந்து நாளில் உறுமல் நின்றுவிட்டது. பழக்கிவிட்டேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டேன். நான் பழக்கியது ஒன்றே ஒன்றுதான்: சத்தம் போடாதே. எலும்பைப் பறிப்பார்களோ என்ற பயம் அப்படியே உள்ளே இருந்தது. தீ அணையவில்லை, மணி அடிக்கிற கயிற்றை மட்டும் அறுத்துவிட்டேன்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு நடத்தைக் கோளாறோடு நாய் கொண்டுவந்த 140 பேரிடம், வீட்டில் என்னென்ன செய்து பார்த்தீர்கள், நாய் என்ன செய்தது என்று கேட்டு 2009இல் ஒரு கட்டுரை வந்தது. அடித்தவர்கள், உதைத்தவர்களில் 43 விழுக்காட்டினர் நாய் திருப்பித் தாக்க வந்தது என்றார்கள். மல்லாக்கப் புரட்டி அழுத்தியவர்களில் 31 விழுக்காடு. வெறுமனே முறைத்துப் பார்த்தவர்களிலேயே 30. யூடியூபில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் 'நீதான் கூட்டத்துத் தலைவன் என்று நாய்க்குக் காட்டு' என்ற வித்தையின் பலன் இது. அந்தத் தலைவன் கதையின் வேர் 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதிய ஆய்வில் இருக்கிறது. கூண்டில் ஒன்றாக அடைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது அது. காட்டில் ஓநாய்க்கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தகப்பன், அவற்றின் பிள்ளைகள் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் எழுதினார். அந்தக் கதையைப் பரப்பியதில் அவருடைய பழைய புத்தகத்துக்கும் பங்கு உண்டு, அதை அவரே பிறகு திருத்திக்கொண்டார். நாய் வளர்க்கும் நாம்தான் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை.

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். குரைக்கிற நாய் கடிக்கும், ரொட்டிக்காரரைக் கேளுங்கள். ஆனாலும் குரைப்பு, உறுமல், பல்லைக் காட்டுவது எல்லாம் நாய் நமக்குக் கொடுக்கும் அவகாசம். கெண்டல் ஷெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் இதை ஓர் ஏணியாக வரைந்திருக்கிறார். கீழ்ப்படியில் கொட்டாவியும் மூக்கு நக்கலும். நடுவில் விலகிப் போவது, வாலைச் சுருட்டிக் குறுகுவது, மல்லாந்து வயிற்றைக் காட்டுவது (இதைத் தடவிக்கொடுக்கச் சொல்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய). மேலே விறைப்பு, உறுமல், காற்றில் ஒரு கவ்வல், கடைசியில் கடி. கீழ்ப்படிகளை யாரும் மதிக்கவில்லை என்றால் நாய் அவற்றில் நிற்காமல் மேலே தாவக் கற்றுக்கொள்கிறது. உறுமல் என்ற படியை நானே உடைத்து வைத்திருந்தேன். சங்கிலி விலகிப் போகும் படியை உடைத்திருந்தது. மிச்சம் என்ன இருக்கிறது?

சரி, ஒன்பது வருடம் கடிக்காத நாய் அன்றைக்கு மட்டும் ஏன் கடித்தது? கூலிமில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனபோது அவர் முதலில் பின்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். கருப்பன் நெளிந்தது. இடுப்பு மூட்டுத் தேய்மானம், காதில் பழைய சீழ் வேறு. பையன் கட்டிப்பிடித்த இடம் அந்த இடுப்புதான். திடீரென்று சிடுசிடுக்கத் தொடங்கும் வயதான நாயைப் பயிற்சிக்காரரிடம் கொண்டுபோகும் முன் மருத்துவரிடம் கொண்டுபோவது நல்லது. காது, பல், மூட்டு, தோல், வயிறு என்று வலி எங்கே இருந்தாலும் கடி வாய் வழியாகத்தான் வரும். நம் பக்கத்தில் உண்ணியும் உண்ணிக் காய்ச்சலும் சாதாரணம், செம்பனைக் காட்டுக்குள் போய்வரும் நாய்க்குக் கேட்கவே வேண்டாம்.

வலி மட்டும்தானா? தீபாவளிக்கு முந்தின இரவு முழுக்க மெர்சுன் (பட்டாசு) வெடித்தது. நாய் தூங்கவில்லை. காலையிலிருந்து கேட் பத்து முறை திறந்தது, புது முகங்கள், புது வாசனை, அடுப்பில் ஆட்டுக்கறி, அதன் மேசைக்கடியில் செருப்புக் குவியல். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாங்கியிருக்கும். ஒன்றன் மேல் ஒன்றாக ஏறியபோது பையன் வந்தது கடைசி. பாரம் ஏற்றிய லோரியைச் சாய்ப்பது மேலே வைக்கிற கடைசி மூட்டைதான், ஆனால் அந்த மூட்டையை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா? திருவிழா நாளில் நாயைப் பின்னறையில் மின்விசிறியோடும் தண்ணீரோடும் விட்டுக் கதவைச் சாத்துவது கொடுமை இல்லை. எங்கள் வீட்டில் அப்படித் தோன்றாமல் போனது, "பாவம், அதுக்கும் தீபாவளிதானே" என்ற நல்லெண்ணத்தால்.

குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் தெரு நாய் என்றுதான் நினைக்கிறோம். சின்னப் பிள்ளைகள் கடிபடுவது அநேகமாகத் தெரிந்த நாயிடம், தெரிந்த வீட்டில், நாய் படுத்திருக்கும்போதோ தின்னும்போதோ பிள்ளை அதனிடம் போகிற நேரத்தில். அவர்கள் முகமும் நாயின் வாயும் ஒரே உயரம், அதனால் காயம் கன்னத்தில் வருகிறது. பெரியவர் ஒருவர் கூடவே இருப்பது என்றால், நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பது அதில் சேராது. எங்கள் போர்ச்சில் அன்றைக்குப் பதினொரு பெரியவர்கள் இருந்தோம்.

குட்டி கையைக் கடிப்பது வேறு விஷயம், அதற்குப் பயப்பட வேண்டாம். பால்பல் விழுந்து, ஆறேழு மாத வயதுக்குள் 42 பல்லும் முளைத்துவிடும், அதுவரை எதையாவது மெல்லும். வலித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போங்கள், மெல்ல வேறொன்றைக் கொடுங்கள், போதும். குட்டியின் வாழ்க்கையில் நிஜமாகவே முக்கியமானது மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரையிலான காலம். அந்த நாட்களில் பார்த்த மனிதர்கள், சத்தங்கள், குழந்தைகள், குடைகள், தொப்பிகள் அதற்கு ஆயுள் முழுக்கச் சாதாரணம். பார்க்காதவை சந்தேகத்துக்குரியவை. கண் திறந்தவுடன் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து ஆறு மாதம் பின்கட்டில் கட்டிவைத்துவிட்டு, பிறகு 'யாரைக் கண்டாலும் பாய்கிறது' என்று அலுத்துக்கொள்கிறோம்.

கருப்பனை என்ன செய்வது என்று வீட்டில் பெரிய பேச்சு. கொண்டுபோய் எங்காவது தோட்டத்தில் விட்டுவிடலாம் என்றார் ஒருவர், அது பிரச்சினையை அடுத்தவர் பிள்ளைக்கு அனுப்புவது. ஒரு கடி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்கலாம் என்றார் மருத்துவர். நாய் நடத்தை நிபுணர் இயன் டன்பார் வகுத்த ஆறு நிலை அளவுகோல் ஒன்று இருக்கிறது. காற்றில் கவ்வுவது முதல் நிலை, தோலில் பல் பட்டும் துளை விழாதது இரண்டு, ஒரே கடியில் ஆழமில்லாத துளைகள் மூன்று. நான்கில் துளை கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் இறங்கியிருக்கும், கவ்விப் பிடித்த, உதறிய தடமும் இருக்கலாம். ஐந்து அப்படிப்பட்ட கடி பல முறை விழுவது, ஆறு சாவு. மூன்றுவரை நம்பிக்கையோடு வேலை செய்யலாம். நான்கிலிருந்து சின்னப் பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் அந்த நாயை வைத்துக்கொள்வது ஆபத்து. சில நாய்களை ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்கவைப்பதுதான் வழி, அதைச் சொல்லத் தயங்கிக்கொண்டே இருப்பது யாருக்கும் நல்லதில்லை. கருப்பனின் கடி மூன்று.

முதல் வேலை சங்கிலியை எடுத்தது. பின்கட்டில் கம்பிவேலி போட்டேன், எண்ணூறு வெள்ளி (ரிங்கிட்) ஆனது. கேட்டும் தெருவும் அங்கிருந்து தெரியாது, ரொட்டிக்காரரிடம் பெறும் அன்றாட வெற்றி நின்றது. மூட்டுக்கு மாத்திரை, காதுக்குச் சொட்டு மருந்து. கூடை போன்ற வாய்க்கூடு ஒன்று வாங்கினேன். மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் அதில் இடம் இருக்கும், வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை நம் வெயிலுக்கு ஆகாது. முதல் வாரம் அதை மாட்டவே இல்லை, உள்ளே கோழி ஈரல் வைத்து மூக்கை நுழைக்கவிட்டேன், அவ்வளவுதான். இப்போது அதை எடுத்தாலே வாலாட்டுகிறது.

எலும்பு விவகாரத்துக்கு அடிக்குப் பதில் பண்டமாற்று. தட்டில் இருப்பதைவிட நல்லது ஒன்றைத் தூரத்திலிருந்து போடுவது, போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது. கை வந்தால் பறிபோகும் என்ற கணக்கு, கை வந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று மெதுவாக மாறும். ஹாரன் சத்தத்துக்கும் இதே வழி: நாய் காதை நிமிர்த்தும், ஆனால் இன்னும் குரைக்காத தூரத்தில் நின்று, ஹாரன் கேட்டவுடன் ஈரல். நெருங்கிப் போய்க் குரைக்கத் தொடங்கிவிட்டால் அன்றைய பாடம் போச்சு, பயத்தில் இருக்கும் மூளைக்கு ஒன்றும் ஏறாது. ரொட்டிக்காரரிடமே சொல்லி வைத்தேன், தெருமுனையிலேயே ஒரு முறை கூடுதலாக அடிக்கிறார். காயடித்தலைப் பற்றியும் கேட்டேன். ஊர் சுற்றுவதையும் ஆண் நாய்ச் சண்டையையும் அது குறைக்கும், பயத்தைக் குறைக்காது என்றார் மருத்துவர்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாய்க்கு உள்ளூர் மன்றத்தின் லைசன்ஸ் வேண்டும், ஆண்டுதோறும். பிட்புல், டோசா, அகிதா போன்ற இனங்களை இறக்குமதி செய்யவே தடை. ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் கட்டுப்பாட்டுப் பட்டியலில். கவனக்குறைவால் தன் விலங்கு பிறரைக் காயப்படுத்த விட்டவருக்குக் குற்றவியல் சட்டத்தின் 289ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. மறுபக்கம், 2017 ஜூலையில் நடப்புக்கு வந்த விலங்குநலச் சட்டத்தில், விலங்கைக் கொடுமையாக அடித்தால் 20,000 முதல் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம். சட்டத்துக்கு அப்பால் அண்டை வீட்டாரும் இருக்கிறார்கள். என் வலப்பக்க வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) நல்லவர், ஆனால் நாயின் எச்சில் பட்டால் அவர் மார்க்கப்படி ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த தண்ணீரில். "ஒன்னும் செய்யாது லா" என்று கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான் சிரித்த காலமெல்லாம், அவர் நடக்கும் பாதையை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

பள்ளி விடுமுறைக்குப் பையன் வந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், கருப்பன் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை, அதுதான் பேச்சு. போன மாதம் ஆட்டெலும்பு போட்டுவிட்டுத் தண்ணீர்ச் சட்டியை எடுக்கக் கொஞ்சம் அதிகமாகக் குனிந்துவிட்டேன். தொண்டைக்குள்ளிருந்து மெதுவாக, துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம். குட்டியில் கேட்டது, அதற்குப் பிறகு இப்போதுதான். சட்டியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து உள்ளே போனேன். "ஏன்டா, தண்ணி வைக்கலையா?" என்றார் அக்கா. "அப்புறம் வைக்கிறேன்க்கா" என்றேன்.